அடிபட்ட பெண் நம்மைத் தேடி வரும்போது: தர்மபுரியில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

"என் வீட்டுக்காரர் என்னை அடிக்கிறார், உதவி செய்யுங்கள்" என்று யாரும் நேராக வந்து கேட்பதில்லை. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே நிற்பார். "அக்கா, இந்தத் தடவை தவணையை ஒரு வாரம் தள்ளிக் கட்டலாமா?" என்பார். சித்திரை வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருப்பார். போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுப்பார். எடுத்ததும் முதல் வார்த்தையே "இங்கதான் இருக்கேன், கிளம்பிட்டேன்" என்றுதான் இருக்கும். தவணையைப் பற்றித்தான் பேச வந்தார் என்று நாமும் தேதியைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டால், அவர் மறுபடி வாய் திறக்க ஆறு மாதம் ஆகலாம். திறக்காமலே போகவும் செய்யலாம்.

அவர் முதலில் பேசப் போகிற ஆள் குழு ஊக்குநராக இருக்கலாம், அங்கன்வாடிப் பணியாளராக, கிராம சுகாதார செவிலியராக, பிள்ளையின் ஆசிரியையாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். இருபது பேர் உள்ள குழு என்றால் ஏழெட்டுப் பேர். உங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

சட்டம், அலுவலகம், போன் நம்பர் எல்லாம் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெண். வீட்டை விட்டு வருவதா, இருந்தே சமாளிப்பதா, புகார் கொடுப்பதா, வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். எந்தப் புடவையைக் கட்டுவது, யாரிடம் பேசுவது, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்று அவருக்காக எல்லாவற்றையும் முடிவு செய்ய ஏற்கெனவே ஒருவன் வீட்டில் இருக்கிறான். "நான் சொல்றதைக் கேளு" என்று நாமும் ஆரம்பித்தால் அவருக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியும்? எல்லா வழியையும் தெரிந்து வைத்திருப்பதும், அவர் எந்த வழியில் கிளம்பினாலும் கூட நடப்பதும்தான் நம் வேலை.

முதல் பேச்சு

தனியாகப் பேசுங்கள். திண்ணையில் வேண்டாம், அவருடைய நாத்தனாரோ மாமியாரோ எட்டிப் பார்க்கிற தூரத்தில் வேண்டவே வேண்டாம். அங்கன்வாடி, ரேஷன் கடை வரிசை, களை எடுக்கப் போகும் வழி என்று அவர் சந்தேகம் வராமல் வந்துபோகிற இடம்தான் நல்ல இடம். நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தை கூட இருந்தால் கொஞ்சம் தள்ளி விளையாட விடுங்கள். கேட்டதை அது வீட்டில் அப்படியே ஒப்பிக்கும்.

அப்புறம், கேளுங்கள். இடையில் வாயைத் திறக்காமல் கேளுங்கள். "நீ என்ன பண்ணின?", "இத்தனை நாள் ஏன் பொறுத்துக்கிட்ட?", "குடிச்சாத்தானே அடிக்கிறான்?" என்ற மூன்று கேள்விகளையும் அவர் ஊரில் ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார். "நீ சொல்றதை நான் நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்லை. உனக்குச் சம்மதம் இல்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். இதைச் சொன்னதும் அழுகிறவர்கள்தான் அதிகம். "எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்மால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியாது.

அழுகை அடங்கியதும், "இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டே ஆக வேண்டும். அவனை அவரைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை. "ஒண்ணும் நடக்காது, சம்பளம் வந்திருக்கு, ரெண்டு நாள் நல்லா இருப்பான்" என்று சொன்னால் நிதானமாகத் திட்டம் போட நேரம் இருக்கிறது. ஆனால் கழுத்தை நெரித்திருக்கிறான், அரிவாளையோ கத்தியையோ காட்டியிருக்கிறான், கர்ப்பமாக இருக்கும்போது அடித்திருக்கிறான், கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான், அடி வரவர அதிகமாகிறது, போகிற இடமெல்லாம் பின்னால் வருகிறான் என்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பாதுகாப்பான இடத்தைப் பற்றிப் பேசுங்கள். கழுத்தை நெரித்தால் சில நேரம் வெளியே தழும்பே இருக்காது. குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, அந்த நேரத்தில் கண் இருட்டியதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றே ஆஸ்பத்திரி.

"செத்துடலாம் போல இருக்கு" என்று சொன்னால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள். அப்படி ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். மருத்துவ உதவி எண் 104, மனநல உதவி எண் 14416 இரண்டிலும் எந்த நேரமும் பேச ஆள் உண்டு.

கணவனைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் என்னிடம் சொன்னார். நயமாகப் பேசினால் திருந்துவான் என்று நினைத்து, மறுநாள் காலையே அவர் கணவனைப் பார்க்கப் போனேன். அவன் எனக்கு நாற்காலி போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான், என் முன்னாலேயே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இனிமே கை நீட்ட மாட்டேன் மேடம், என் புள்ளை மேல சத்தியம்" என்றான். நானும் சந்தோஷமாகப் பஸ் ஏறி வந்துவிட்டேன். "வீட்டு விஷயத்தை வெளியில சொல்லுவியா?" என்று கேட்டு அன்று ராத்திரி அவன் அவருடைய மணிக்கட்டை உடைத்தான். அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தப் பெண் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அந்த மணிக்கட்டுக்கு நானும் பொறுப்பு.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதே எச்சரிக்கைதான். நல்ல பெரியவர்கள் இருக்கிற ஊர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து ஆண்கள் உட்கார்ந்திருக்கிற மாரியம்மன் கோயில் திடலில் நின்றுகொண்டு, படுக்கையில் நடப்பதை எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? அங்கே எழுதி வாங்குகிற பத்திரத்தைப் பற்றியும் சொல்லி வையுங்கள். இருவரும் பத்திரத் தாளில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் விவாகரத்து ஆகிவிடாது. "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்ற வரி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடி மட்டும் வன்முறை இல்லை

2005ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் நான்கு வகைக் கொடுமைகளைச் சொல்கிறது. உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனதாலும் வதைப்பது, பணத்தைப் பறிப்பது அல்லது கொடுக்காமல் இருப்பது. நம் பக்கத்து வீடுகளில் இது எப்படியெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் மனைவி கணக்கில்தான் விழும், ஏ.டி.எம். கார்டு மட்டும் கணவனின் சட்டைப் பையில் இருக்கும். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிற மனைவியின் சம்பளத்தில் பஸ்ஸுக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பான். பெங்களூரில் கட்டட வேலையில் இருந்துகொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ கால் போட்டு, "கட்டிலுக்கு அடியில காட்டு, கதவுக்குப் பின்னாடி காட்டு" என்பான். இவை எல்லாமே அந்தச் சட்டத்துக்குள் வரும். கணவனே ஆனாலும் படுக்கையில் கட்டாயப்படுத்துவது இந்தச் சட்டத்தில் பாலியல் கொடுமைதான். இதைச் சொல்லும்போது பல பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போதும். கணவன் மனைவி போலவே சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் வழி வேறு. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டம் நம்முடையது, அதனால் வயதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். 18க்குக் கீழே என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குச் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க உங்களால் முடியாது. அதை மறைக்காமல் அவளிடமே முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரு பை, ஒரு சங்கேத வார்த்தை

ரொம்ப ஆபத்தான நேரம், அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் கிளம்பிய பிறகு வரும் சில வாரங்களும்தான். கை நழுவிப் போகிறாள் என்று தெரிந்ததும்தான் அவன் உச்சத்துக்குப் போவான். "உடனே கிளம்பி வா" என்று ஆவேசத்தில் சொல்வது சுலபம். கிளம்புவதற்கு முன் கொஞ்சம் தயாராக வேண்டும்.

முதலில் காகிதங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், நகை வாங்கிய ரசீது. அசலைப் பீரோவிலிருந்து எடுத்தால் கண்டுபிடித்துவிடுவான் என்றால் ஒவ்வொன்றாக நகல் எடுத்து உங்களிடம் கொடுத்து வைக்கட்டும். கல்யாணத்துக்குப் போட்ட நகை, சீர்வரிசைச் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். பித்தளை அண்டா, மிக்சி, கட்டில் வரை. ஆரம்பத்தில் சிரிப்பார்கள். நீதிமன்றத்தில் சீதனத்தைத் திருப்பிக் கேட்கும்போது அந்தப் பட்டியல்தான் பேசும்.

பையில் ஒரு மாற்றுப் புடவை, குழந்தைக்கு இரண்டு செட் துணி, வழக்கமாகப் போடும் மாத்திரை, நாப்கின், கொஞ்சம் பணம். அந்தப் பை அவர் வீட்டில் இருக்கக் கூடாது.

போன் தனி விஷயம். ஒருமுறை ஒரு பெண்ணின் போனை வாங்கி, அவர் அனுமதியோடு வாட்ஸ்அப் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்தேன். வேறொரு கருவியின் பெயர் அங்கே இருந்தது. அவர் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவை எல்லாம் அவன் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "அதான் எல்லாம் தெரியுதா?" என்று மட்டும் சொன்னார், கை நடுங்கியது. உடனே அதை நீக்கிவிடத் தோன்றும், பொறுங்கள். திடீரென்று துண்டித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். பாதுகாப்பான இடத்துக்குப் போகும்வரை அந்தப் போனில் சமையலும் பிள்ளை படிப்பும் மட்டும் பேசட்டும். மற்றதற்கு உங்கள் போன். முக்கியமான இரண்டு எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், போன் உடைந்தாலும் கையில் இருக்கும்.

சங்கேத வார்த்தை ஒன்று பேசி வையுங்கள். அரூர் பக்கத்தில் ஒரு பெண்ணும் நானும் வைத்திருந்தது, "நாளைக்குப் புளி தட்ட ஆள் வேணுமாக்கா?" என்பது. அந்தப் பக்கத்தில் பெண்கள் கூலிக்குப் புளி தட்டுவது சாதாரணம், பக்கத்தில் யார் நின்று கேட்டாலும் சந்தேகம் வராது. அந்த வார்த்தை வந்தால் நான் அவசர உதவி எண் 112க்கு அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அப்படி ஒரு தடவை வந்தது.

சண்டை மூளும்போது அடுப்படியை விட்டு வாசல் பக்கம் நகரச் சொல்லுங்கள்; அரிவாள்மனையும் கத்தியும் அடுப்படியில்தான் இருக்கின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமம் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் சண்டைக்கு, ஓடிப் போய் ஒதுங்க உள்ளூரிலேயே ஒரு வீடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். பகலில் கிளம்பினால் கட்டணமில்லா நகரப் பேருந்து இருக்கிறது, கையில் காசில்லாமலே தர்மபுரி வரை வந்த பெண்கள் உண்டு.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்வது

"பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ வழக்குகள் பலவீனமாகியிருக்கின்றன. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் யார் அடித்தது, எதனால் அடித்தது, எப்போது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். போலீசில் புகார் கொடுத்துவிட்டு வா, அப்புறம்தான் வைத்தியம் என்று யாரும் சொல்லக் கூடாது, வைத்தியம் முதலில். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வர முடியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சீட்டையாவது பத்திரமாக வைக்கட்டும்.

காயத்தைப் படம் எடுக்கும்போது, முகம் தெரிய ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். அடி கன்றிப்போவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாகத் தெரியும், அப்போது மறுபடி எடுங்கள்.

எங்கே போவது

181. பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. எதுவும் புரியாத நேரத்தில் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

சகி என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம் மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கிறது. தர்மபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. மருத்துவ உதவி, ஆலோசனை, போலீஸ் உதவி, சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். குழந்தைகளோடு ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள். 181ல் கேட்டால் வழி சொல்வார்கள்.

பாதுகாப்பு அலுவலர். இவரைத்தான் புதிதாக வருகிறவர்கள் பலரும் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கிறார், ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய்க் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டம் நெரியும், மனுக் கொடுக்க அது சரி. உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் வேறு நாள் போங்கள். நடந்ததைக் கேட்டு, குடும்ப வன்முறை அறிக்கை என்ற படிவத்தில் எழுதி, நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தப் பெண்தான் போக வேண்டும் என்பதில்லை, தகவல் தெரிந்த யாரும் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் மறுபடி சொல்கிறேன், அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த வழக்கில் என்னென்ன கேட்கலாம்? அடிக்கக் கூடாது, வேலை இடத்துக்கு வரக் கூடாது, போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று குடியிருப்பு உத்தரவு. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். செலவுக்குப் பணம், வைத்தியச் செலவு, குழந்தைகள் தற்காலிகமாகத் தாயிடம் இருக்க உத்தரவு, நஷ்டஈடு. "வீடு மாமனார் பேருல இருக்கு, உனக்கென்ன உரிமை?" என்பது நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. கணவனின் உறவினர் பேரில் இருக்கும் வீடானாலும், குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே குடியிருக்கக் கேட்கலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கணவன் ஓசூரில் இருக்கிறான், இவர் அரூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். வழக்குக்காக ஓசூருக்கு அலைய வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்திலும் மனு போடலாம், அரூரிலேயே நீதிமன்றம் இருக்கிறது. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வாய்தாவில் மனசு விட்டுப்போகும். அதனால்தான் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்டு மனு போட வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் பாதுகாப்பும் செலவுக்குப் பணமும் கிடைக்க அதுதான் வழி.

உத்தரவின் நகல் இலவசம். கிடைத்ததும் இரண்டு மூன்று பிரதி எடுத்து ஒன்றை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து வையுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

வக்கீலுக்குப் பணம்? பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். 1987ஆம் வருடச் சட்டம் அது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். போனில் 15100.

காவல் நிலையம்

புகார் கொடுப்பது என்று அவர் முடிவு செய்துவிட்டால், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை வேறு என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு முன்பு 498ஏ என்று சொன்ன பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை தண்டனை. காயம், கொலை மிரட்டல், வரதட்சணை இருந்தால் வேறு பிரிவுகளும் சேரும்.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. "என் கணவர் என்னைத் தினமும் கொடுமைப்படுத்துகிறார், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "ஆடிப்பெருக்கு அன்று இரவு சுமார் 9 மணிக்கு, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லி, பித்தளைச் சொம்பால் என் இடது தோளில் அடித்தார். 'உன்னைக் கொளுத்திட்டு ஜெயிலுக்குப் போறேன்' என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து பிடித்து இழுத்தார். மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியில் காட்டினேன், சீட்டு இணைத்துள்ளேன்." தேதி நினைவில்லை என்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா, பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா, மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தால் தேதி வந்துவிடும். காலண்டரைப் பார்த்து அதையும் எழுதிவிடுங்கள். அவர் வாய் வார்த்தையே இருக்கட்டும், நம் செந்தமிழைப் போட்டு மெழுக வேண்டாம்.

கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். வாங்கவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதிலும் நடக்காவிட்டால் நீதிமன்றம்.

பெரும்பாலும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். நல்ல அதிகாரி கையில் அது உதவியாகவும் முடியும். ஒரு நிலையத்தில், கன்னம் வீங்கியிருந்த பெண்ணைப் பார்த்து, "குழந்தை முகத்தைப் பாத்து அனுசரிச்சுப் போம்மா" என்று சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "மேடம், அவங்களுக்கு இப்ப சமாதானம் வேணுமான்னு அவங்களையே கேளுங்க" என்றால் போதும். சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று சொல்லவும், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அவனும் அவன் ஆட்களும் வெளியே நிற்கும்போது அவர் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருப்பதே பெரிய உதவி.

உங்கள் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். அவன் வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை அவருடைய சொந்த அண்ணன் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

திரும்பிப் போனால்

போவார்கள். இத்தனையும் செய்த பிறகு, ஒரு நாள் போன் செய்து, "அக்கா, அவர் வந்து கூப்பிட்டார், புள்ளைங்க அப்பா அப்பான்னு ஏங்குது, போறேன்க்கா" என்பார். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம் அலைந்தது, சொந்தக் காசு, வீட்டில் வாங்கிய பேச்சு எல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவர் மறுபடி ஆபத்தில் இருந்தபோது, என்னிடம் வரக் கூச்சப்பட்டு வேறு யாரிடமோ போனார் என்று தெரிந்தது. இப்போது நான் சொல்வது, "சரி கண்ணு. ஜாக்கிரதையா இரு. என் நம்பர் இருக்கில்ல? எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்பதுதான். போகும் முன் பாதுகாப்பு ஏற்பாட்டை மட்டும் மறுபடி ஒருமுறை பேசிக்கொள்வோம்: எந்த வீட்டுக்கு ஓடுவது, எந்த வார்த்தை, எந்த எண். போட்ட மனுவை அவசரப்பட்டு வாபஸ் வாங்குவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்வேன்.

பையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருவருடைய பை என் வீட்டுப் பரணில் பதினான்கு மாதம் இருந்தது. நடுவில் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். மாத்திரை காலாவதி ஆகியிருந்தது, மாற்றினேன். குழந்தையின் கவுனைப் பிரித்துப் பார்த்தால் சின்னதாகத் தெரிந்தது. பிள்ளைக்கு இப்போது நாலு வயது முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, சந்தையில் ஒரு சைஸ் பெரியதாக இரண்டு கவுன் வாங்கி வைத்துவிட்டு மறுபடி பரணில் ஏற்றினேன். தை மாதம் ஒரு விடியற்காலையில் அவர் வந்தபோது அந்தக் கவுன் சரியாக இருந்தது.